கட்டையை விட்ட பிறகும் ஒலி நிற்காத பியானோ: ஃபெல்ட்டில் கை வைப்பதற்கு முன்

கேள்வி, 9 நவம்பர் 2022

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து அப்ரைட் பியானோ ஒன்று இருக்கிறது. மகள் அதில்தான் கிரேடு தேர்வுக்குப் பயிற்சி செய்கிறாள். மழை தொடங்கியதிலிருந்து, கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒலி அடங்குவதில்லை. ஒரு ஸ்வரம் அடுத்ததோடு கலந்து இரைச்சலாகிவிடுகிறது. பார்க்க வந்த டியூனர், டாம்பர் ஃபெல்ட் (கம்பியைத் தொட்டு ஒலியை நிறுத்தும் கம்பளிப் பட்டை) முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். அவர் சொன்ன தொகை எங்களுக்குப் பெரிது. மாற்றத்தான் வேண்டுமா?

9 நவம்பர், இரவு

இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

"மழை தொடங்கியதிலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஃபெல்ட் ஒரு மாதத்தில் தேய்ந்துபோவதில்லை. அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக இறுகும், பள்ளம் விழும். ஐப்பசி மழைக்கு ஊதுவது மரமும், அசையும் பாகங்களின் துளைகளில் பதித்திருக்கும் புஷ்ஷிங் துணியும்தான். ஒலி நிற்கவில்லை என்றதும் எல்லோரும் முதலில் ஃபெல்ட்டைக் குற்றம் சொல்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். சென்னையில் இந்த வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபெல்ட்டைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

முதலில் பெடலைப் பாருங்கள். வலது பெடலைக் கையால் மெதுவாக அழுத்தினால், முதல் சில மில்லிமீட்டர் வெறுமனே இறங்க வேண்டும்; அதன் பிறகே எதையோ தூக்கும் கனம் கையில் தெரிய வேண்டும். அந்த வெற்று இடைவெளி இல்லையென்றால், காலை வைக்காதபோதும் பெடல் பாதி அழுத்தப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. எல்லா டாம்பர்களும் கம்பியிலிருந்து மயிரிழை விலகி நிற்கும். அந்த நிலையில் புது ஃபெல்ட் ஒட்டினாலும் ஒலி நிற்காது.

கட்டைகளுக்குக் கீழே இருக்கும் பெரிய பலகையின் மேல் விளிம்பில், நடுவில் தட்டையான ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதை மேலே அழுத்தினால் பலகை முன்பக்கம் சாய்ந்து கழன்றுவிடும். உள்ளே பெடலிலிருந்து ஒரு நெம்புகோல், அதன் நுனியில் நிற்கும் ஒரு மரக்கோல். பெடலை நெம்புகோலோடு இணைக்கும் கம்பியில் ஒரு நட்டு இருக்கும். அதை ஒரு சுற்று தளர்த்திவிட்டு வாசித்துப் பாருங்கள்.

10 நவம்பர்

ஒன்று விட்டுப்போயிற்று. மரக்கோல் மேலே ஒரு துளை வழியாகப் போகிறது. மழைக்காலத்தில் கோலும் ஊதும், துளையைச் சுற்றியுள்ள மரமும் ஊதும். பெடலை விட்ட பிறகும் கோல் தானாக இறங்காமல் பிடித்துக்கொண்டால், நட்டைத் தளர்த்திப் பயனில்லை. கோலை வெளியே எடுத்து, உரசும் இடத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து, பென்சில் கரியைப் பூசிவிட்டுப் போடுங்கள். எண்ணெய் வேண்டாம்.

12 நவம்பர்

நட்டைத் தளர்த்தியதும் பெரும்பாலான இரைச்சல் அடங்கிவிட்டது, நடுப்பகுதியில் சில கட்டைகள் மட்டும் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி. இனி எல்லாவற்றுக்கும் பொதுவான கோளாறைத் தேட வேண்டியதில்லை. தனித்தனிக் கட்டையின் கோளாறுதான் பாக்கி.

அப்ரைட் பியானோவில் டாம்பர் எப்படி நகர்கிறது என்பது தெரிந்தால் தேடுவது எளிது. கட்டையை அழுத்தியதும் அதன் பின்முனை விப்பென் என்ற மரத்துண்டைத் தூக்குகிறது. விப்பெனின் பின்னால் கரண்டி போல ஒரு சிறிய உலோக நாக்கு இருக்கிறது. அதன் பெயரே ஸ்பூன். அது டாம்பர் நெம்பின் அடிமுனையைத் தள்ள, தலைமுனை கம்பியிலிருந்து விலகுகிறது. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைத் திரும்பக் கம்பியின் மேல் சாத்துகிறது. கிராண்ட் பியானோவில் இந்த ஸ்பிரிங் வேலையைப் பெரும்பாலும் எடையே செய்துவிடும், ஏனென்றால் அங்கே டாம்பர் மேலிருந்து கம்பியின் மேல் விழுகிறது. அப்ரைட்டில் கம்பி செங்குத்தாக நிற்பதால் ஸ்பிரிங்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

மேல் மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றி, டார்ச் அடியுங்கள். ஒலி நிற்காத கட்டையின் டாம்பர் தலையை விரல் நுனியால் கம்பியிலிருந்து இழுத்து விடுங்கள். டக்கென்று திரும்பினால் நெம்பு நன்றாக இருக்கிறது. தயங்கித் தயங்கித் திரும்பினால், நெம்பு சுழலும் சென்டர் பின் இறுகியிருக்கிறது. திரும்பவே இல்லையென்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கும் அல்லது இடம் மாறியிருக்கும்.

டக்கென்று திரும்பியும் ஒலி நிற்கவில்லையா? அந்தக் கட்டைக்குரிய மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாக நகத்தால் மீட்டிப் பாருங்கள். மூன்றில் இரண்டு "தப்" என்று செத்த ஒலி தரும், ஒன்று மட்டும் பாடும். ஃபெல்ட் அந்த ஒரு கம்பியைத் தொடவில்லை. பெரும்பாலும் டாம்பர் தலை லேசாகத் திரும்பியிருக்கும். தலையைக் கம்பித்தண்டோடு பிடித்திருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி முடுக்கினால் போதும்.

இந்த மீட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்யாமல் ஃபெல்ட்டை மாற்றச் சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை.

13 நவம்பர்

இங்கே ஒருவர், இறுகிய சென்டர் பின்னுக்குத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும், தன் வீட்டில் அப்படித்தான் சரியாயிற்று என்கிறார். சரியாகியிருக்கும். எண்ணெய் விட்ட மறுநாள் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அந்தப் பின்னைச் சுற்றியிருப்பது உலோகம் அல்ல, சிவப்புக் கம்பளித் துணி. துணி எண்ணெயைக் குடிக்கும், தூசியைப் பிடிக்கும், ஒருநாள் கெட்டிப்பிசின் ஆகும். தேங்காய் எண்ணெய் விட்ட பியானோவையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு பின்னை வெளியே தள்ளியபோது கண்டதைச் சொல்கிறேன். பின்னின் நடுப்பகுதி வெள்ளி போலப் பளபளத்தது. இரண்டு ஓரங்களிலும், துணி உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும், பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் மெழுகாகச் சுருண்டு வந்தது. துளைக்குள்ளிருந்த துணி நிறம் மாறி, விரலால் அழுத்தினால் அமுங்காத பட்டையாகியிருந்தது. கொழுப்பும் செம்பு கலந்த உலோகமும் பல ஆண்டு சேர்ந்திருந்ததன் விளைவு. இதைத் துடைத்து மீட்க முடியாது. பழைய துணியை எடுத்துப் புதுத் துணி போட்டு, புதுப் பின் ஏற்ற வேண்டும்.

வெறும் ஈரத்தால் ஊதிய துணிக்கு வேறு வைத்தியம் உண்டு. தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த கலவையை மெல்லிய தூரிகையால் துணிக்கு மட்டும் ஒரு சொட்டு வைத்து, முழுதாக உலரும்வரை விட்டுவிடுவது. நனைந்த துணி ஊதிப் பின்னோடு நெருங்கி அழுந்தும். உலர்ந்து சுருங்கும்போது சற்று இடம்விட்டுச் சுருங்கும். கை தவறிப் பக்கத்து ஒட்டுவேலையில் பட்டால் வச்சிரப்பசை இளகிவிடும். ஆகவே ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான்.

13 நவம்பர், மாலை

பின்னின் அளவு கேட்டவருக்கு: சாதாரணமாகத் தொடங்கும் 20-ஆம் எண் பின் 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். அரை எண் வீதம் ஏறும். துளையை ரீமர் என்ற துளைசீவியால் துடைத்துவிட்டு அடுத்த எண் போடுவது வழக்கம். தடித்த பின்னை வலிந்து ஏற்றினால் பின்னைத் தாங்கும் ஃபிளேஞ்ச் மரம் பிளக்கும்.

17 நவம்பர்

ஊட்டியிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய பியானோவில் டாம்பர்கள் கம்பியை அடிக்கும் சுத்தியல்களுக்குக் கீழே இல்லை, மேலே இருக்கின்றன. முன்பக்கம் வரிசையாகக் கம்பிகள் தொங்கி, பறவைக்கூண்டு போல மறைக்கின்றன. கட்டை முதல் சுத்தியல்வரை இயங்கும் பொறியமைப்பை ஆக்‌ஷன் என்பார்கள்; இது ஓவர்டாம்பர் ஆக்‌ஷன். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் இந்த வகை ஏராளமாகச் செய்யப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறி மலைவாசத்தலங்களுக்கும் தேவாலயங்களுக்கும் வந்த பழைய அப்ரைட்டுகளில் இதை இன்றும் காணலாம்.

இதில் ஓர் இயற்கையான குறை உண்டு. கம்பி அதிகமாக அசைவது நடுப்பக்கத்தில். கட்டப்பட்ட முனைக்குப் பக்கத்தில் அசைவு மிகக் குறைவு. ஓவர்டாம்பர் உட்காருவது அந்த முனைக்குப் பக்கத்தில்தான், ஏனென்றால் நல்ல இடத்தைச் சுத்தியல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே எவ்வளவு புது ஃபெல்ட் போட்டாலும், எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும், மந்தரக் கம்பிகளில் கொஞ்சம் ஒலி மிஞ்சத்தான் செய்யும். அந்தப் பியானோவின் குரலே அது. அதை நவீன அப்ரைட் போல அடக்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

கூண்டுக் கம்பிகளின் மேல்முனையில் சிறு பொத்தான்கள் இருக்கும். அவற்றைச் சுழற்றித்தான் டாம்பர் எப்போது தூக்கப்படும் என்பதை அமைக்கிறார்கள். எவற்றையும் ஒட்டுமொத்தமாகத் திருப்பிவிடாதீர்கள். ஒலி நிற்காத கட்டையின் பொத்தானைப் பக்கத்துப் பொத்தானோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தொடுங்கள்.

18 நவம்பர்

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதுகிறார்: எல்லாம் சரியான பிறகும், பலமாக ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) அடித்து விட்டால் மேலே மெல்லிய ஒரு ரீங்காரம் நிற்கிறதாம்.

அது கோளாறு அல்ல. பியானோவின் உச்சத்தில் ஏறத்தாழ 20 கட்டைகளுக்கு டாம்பரே கிடையாது. அந்தக் கம்பிகள் மிகக் குட்டையானவை, ஒலி தானாகவே சீக்கிரம் செத்துவிடும் என்பதால் வைப்பதில்லை. கீழே ஒலிக்கும் ஸ்வரத்தின் மேல்சுரங்கள் அவற்றைத் தட்டி எழுப்புகின்றன. வீணையில் பக்கத் தந்தி தானாக அதிர்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு துண்டை மடித்து உச்சக் கம்பிகளின் மேல் சாத்திவிட்டு அதே கார்டை அடித்துப் பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால் உங்கள் டாம்பர்கள் மேல் பழி இல்லை.

இதைத் தெரியாமல் நல்ல டாம்பர்களை அழித்துப் புதிது போட்ட வீடுகள் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

26 நவம்பர்

ஃபெல்ட்டே காரணமாகும் சந்தர்ப்பம் இல்லையா என்று ஒருவர் சற்றுக் கோபமாகக் கேட்டிருக்கிறார். நிச்சயமாக இருக்கிறது. கடைசியாகச் சந்தேகியுங்கள் என்றுதான் சொன்னேன்.

சமீபத்தில் ஒரு தேவாலயத்து அப்ரைட்டில் மந்தரப் பகுதியின் டாம்பர் ஒன்றைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே இறங்க வேண்டிய ஆப்பு வடிவ ஃபெல்ட் அது. கூர்முனை மழுங்கி, இரு பக்கச் சரிவிலும் கம்பியின் செம்புச் சுற்று பதிந்து, திருகாணி மரை போல வரிவரியாக அச்சு விழுந்திருந்தது. அந்த வரிகளில் கறுப்பு மெருகு. ஆப்பு இனி கம்பிகளுக்கு நடுவே இறங்காது, மேலே உட்கார்ந்து தேய்க்கும். பெடலை விடும்போது "ஸ்ர்ர்" என்று எழும் ஒலிக்கு இதுதான் காரணம். அடுத்த டாம்பரில் வேறு கதை: அந்துப்பூச்சியின் புழு ஃபெல்ட்டின் ஓரத்தைத் தின்று குழி பறித்திருந்தது, குழியில் மணல் போன்ற எச்சம். கம்பளி ஆட்டுமயிர் என்பதால் அந்தப் புழுவுக்கு அது நல்ல உணவு. ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும் பியானோவில்தான் இது பெருகும்.

இந்த இரண்டு நிலையிலும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் அந்தப் பியானோவிலும் மாற்ற வேண்டியிருந்தது மந்தரப் பகுதியை மட்டும்தான். நடுப்பகுதியின் தட்டை ஃபெல்ட்டுகள் நன்றாக இருந்தன. அவற்றை ஊசியால் பக்கவாட்டில் லேசாகக் கிளறி இளக்கினேன், போதுமானதாக இருந்தது.

மாற்றும்போது வடிவம் மாறக் கூடாது. ஒற்றைக் கம்பியை இருபுறமும் கவ்வும் வடிவம், இரட்டைக் கம்பிக்கு ஒரு ஆப்பு, மூன்று கம்பிக்கு இரட்டை ஆப்பு, மேலே போகப் போகத் தட்டை. நீளமும் மந்தரத்திலிருந்து உச்சம் நோக்கிக் குறைந்துகொண்டே வரும். பசை மிக மெல்லியதாகத் தடவி, அது இறுகுவதற்குள் டாம்பரைக் கம்பியின் மேல் சாத்திவிட வேண்டும். ஃபெல்ட் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கம்பியே காட்டிக்கொடுக்கும். நான் வச்சிரப்பசைதான் பயன்படுத்துகிறேன். நாளை வேறொருவர் கழற்ற வேண்டியிருந்தால் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும். உடனடிப் பசை ஃபெல்ட்டுக்குள் ஊறிக் கல்லாக்கிவிடும்.

27 நவம்பர்

ஸ்பூன் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தம்பி ஸ்பூன்களை வளைக்கத் தொடங்கிவிட்டாராம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

சுத்தியல் கம்பியை நோக்கிப் பாதி தூரம் போனபோது டாம்பர் விலகத் தொடங்க வேண்டும். அதை நிர்ணயிப்பது ஸ்பூனின் வளைவு. அது ஆக்‌ஷனின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. டாம்பர் நெம்பை நோக்கி அதிகம் வளைத்தால் டாம்பர் கம்பியில் முழுதாகச் சாயாது, நெம்பிலிருந்து விலக்கி வளைத்தால் கட்டையை அழுத்தியும் ஒலி மூச்சுத் திணறும். தொடக்கத்தில் நீங்களே திறந்து பாருங்கள் என்று எழுதினேன். இப்போது அதற்கு ஓர் எல்லை வகுக்கிறேன். பெடல் நட்டு, மரக்கோல், டார்ச் அடித்துப் பார்ப்பது, மீட்டிப் பார்ப்பது, தலைத் திருகு: இவை வீட்டுக்காரருக்கு. ஸ்பூன், சென்டர் பின், ஸ்பிரிங், ஃபெல்ட்: இவை பழகிய கைக்கு. எது கோளாறு என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டு பழகிய கையைக் கூப்பிட்டால், தேவையில்லாத வேலைக்குப் பணம் போகாது.

28 நவம்பர்

கிராண்ட் வைத்திருப்பவருக்குச் சுருக்கமாக. டாம்பர் மேலே எழுந்து அப்படியே நின்றுவிடுகிறது என்றால், தண்டுக் கம்பியில் துரு அல்லது அது நுழையும் வழிப்பலகையின் துணி இறுக்கம். தண்டைக் கழற்றி மெருகேற்ற வேண்டும், எண்ணெய் கூடாது. கழற்றும் ஒவ்வொரு டாம்பருக்கும் எண் போடுங்கள், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ஆக்‌ஷனை வெளியே இழுக்கும்போது ஒரு கட்டையின் மேலும் விரல் படக் கூடாது. கட்டை அழுந்தினால் சுத்தியல் எழும், எழுந்த சுத்தியல் மேலே உள்ள மரத்தில் மாட்டி முறியும்.

4 டிசம்பர்

ஒருவருடைய வாதம்: ஆதி பியானோக்களில் பெடலே இல்லை, ஒலி கலப்பதுதான் இயற்கை, டாம்பரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவானேன்?

பெடல் இல்லை என்பது சரி. டாம்பர் இருந்தது. 1700 அளவில் ஃபிளாரன்ஸில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த கருவியிலேயே ஒவ்வொரு கட்டைக்கும் டாம்பர் உண்டு. அவர் செய்தவற்றில் மூன்று எஞ்சியிருக்கின்றன. 1720-ல் செய்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லா டாம்பர்களையும் ஒருசேரத் தூக்கும் வசதி பிறகுதான் வந்தது, அதுவும் முதலில் கையால், பிறகு முழங்காலால். 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மோட்ஸார்ட், ஸ்டைன் செய்த பியானோவின் முழங்கால் நெம்பைப் புகழ்கிறார். முழங்காலைச் சற்று விலக்கியதும் எஞ்சிய ஒலி துளியும் கேட்கவில்லை என்பதுதான் அவர் புகழ்ந்த விஷயம். ஒலி நீடிப்பதை அல்ல, சொன்னபடி நிற்பதை. லண்டனில் ஜான் பிராட்வுட் பெடலுக்குக் காப்புரிமை பெற்றது 1783-ல்.

ஆகவே கலப்பது இயற்கை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கலக்க வேண்டும் என்று வாசிப்பவர் காலால் கேட்க வேண்டும், கேட்டபோது கிடைக்க வேண்டும். பயிற்சி செய்யும் ஒரு சிறுமிக்கு இது இன்னும் முக்கியம். நிற்காத பியானோவில் பழகும் பிள்ளை, தன் விரல் எப்போது எழுந்தது என்பதைக் கேட்காமலேயே வளர்ந்துவிடும்.

15 டிசம்பர்

மழைக்காலத்துக்கு ஒரு பழைய முறை: பியானோவின் அடிப்பகுதியில் சிறிய குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவது. அதன் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. நான் பார்க்கும் ஒரு வீட்டில் பல ஆண்டுகளாக நன்றாக இருந்த டாம்பர்கள் இந்த ஆண்டு இறுகிவிட்டன. பலகையைத் திறந்தால் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பழைய பல்பு போனதும் யாரோ எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. இப்போது இதற்கென்றே விற்கும் குறைந்த வாட் வெப்பக் குழாய் மாட்டியிருக்கிறோம். பல்பாக இருந்தாலும் குழாயாக இருந்தாலும் மரம், துணி எதிலும் படாமல் மாட்ட வேண்டும். பழைய வயரிங் என்றால் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏசி பற்றிக் கேட்டவருக்கு: பயிற்சி நேரத்துக்கு மட்டும் ஏசி போட்டு, முடிந்ததும் ஜன்னலைத் திறந்து கடற்காற்றை விடுவதுதான் மிக மோசம். துணியும் மரமும் நாள்தோறும் சுருங்கி ஊதுகின்றன. அறையின் ஈரப்பதம் கூடுதலாக இருந்தாலும் சீராக இருந்தால் பியானோ பிழைத்துக்கொள்ளும். சுவரில் ஓர் ஈரப்பதமானி மாட்டுங்கள், விலை அதிகமில்லை.

8 ஜனவரி 2023

முதல் கேள்வி கேட்டவரின் பியானோவை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். பெடல் நட்டு அவரே சரியாக வைத்திருந்தார். நடுப்பகுதியில் சில பின்கள் இறுகியிருந்தன. துணியில் களிம்பு இல்லை, ஆல்கஹால் கலவையிலேயே பெரும்பாலானவை விடுபட்டன. ஒன்றிரண்டுக்கு மட்டும் புதுப் பின். ஒரு ஸ்பிரிங் சுருளின் அடியில் முறிந்திருந்தது, மாற்றினேன். இரண்டு டாம்பர் தலைகள் திரும்பியிருந்தன. ஃபெல்ட்டுகள் பழையவைதான், பள்ளம் உண்டு. ஆனால் பள்ளம் கம்பிக்கு நேராக இருக்கிறது, கம்பி அதில் சரியாக உட்காருகிறது. தலையை நேராக்கியதும் அதே பள்ளம் உதவியாகிவிட்டது. இன்னும் சில ஆண்டுகள் தாங்கும்.

மந்தரத்தில் மட்டும் ஒரு சில ஆப்புகளின் முனை இறுகத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கோடையில், காற்று உலர்ந்திருக்கும்போது, அந்தச் சிலவற்றை மட்டும் மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆப்பு ஃபெல்ட் நீளப் பட்டையாகக் கிடைக்கும், தேவையான அளவு வெட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் பழையதன் அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, இரட்டைக் கம்பிக்கா மூன்று கம்பிக்கா என்று குறித்து அனுப்புங்கள். ஒரு பழைய துண்டையும் மாதிரியாகக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது.